வரிசையில் நின்றவர்களும் வரிசையில் இல்லாதவர்களும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் பாடசாலை ஒன்றில் தடுப்பூசி போடும் நாளைக் கண்டவர்களுக்கு அக்காட்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆறாம் தரத்துச் சிறுமியர் வெள்ளைச் சீருடையுடன் வரிசையாக நிற்பர். முன்னால் நிற்பவளின் முகத்தைப் பின்னால் நிற்பவள் எட்டிப் பார்ப்பாள். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சினால் அழுத்திக்கொண்டு திரும்பும் சிறுமி, "ஒண்ணும் வலிக்கலடி" என்று மற்றவர்களுக்குத் துணிவு கூறுவாள். ஆறு மாதங்கள் கழிந்தபின் இதே வரிசை மீண்டும் ஒருமுறை நிற்கும்.

கருப்பைக் கழுத்தில் தோன்றும் புற்றுநோய்க்குக் காரணமாகிய எச்.பி.வி. என்னும் வைரசுக்கு எதிரான ஊசி அது. 2017ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையின் பாடசாலைகளில் ஆறாம் தரத்துச் சிறுமியருக்கு அது இலவசமாகப் போடப்பட்டு வருகின்றது. கொழும்பின் வசதிமிக்க பாடசாலைச் சிறுமிக்கும், கொழுந்து கொய்யும் தாயின் மகளுக்கும் ஒரே ஊசி, ஒரே மருந்து, ஒரே அளவு. இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் மக்கள் போராடிப் பெற்ற நாட்டில் இது சிறிய வெற்றியன்று.

ஆயினும், இவ்வரிசையை நோக்கும்போது நம் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இச்சிறுமியரின் பூட்டிமாரும் ஒரு காலத்தில் இவ்வாறே வரிசையில் நின்று ஊசி குத்திக்கொண்டனர். அந்த வரிசைக்கும் இந்த வரிசைக்கும் உள்ள வேறுபாடு யாது? இது முதலாவது வினா. இந்த ஊசி யாருக்கு மிகமிக இன்றியமையாததோ, அவர்கள் இவ்வரிசையில் நிற்கின்றனரா? இது இரண்டாவது வினா. முதல் வினாவுக்கு வரலாற்றில் விடை தேடினாலன்றி இரண்டாவதற்கு விடை காண இயலாது என்பது நமது கருத்து.

1

தடுப்பூசியின் வரலாறு ஏழைக் குழந்தைகளின் கைகளிலே தொடங்குகின்றது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜெனர் பெரியம்மைக்கு எதிரான பசுவம்மைப் பாலை 1796இல் பரீட்சித்துப் பார்த்தது ஒரு தோட்டக்காரனின் எட்டு வயது மகனிடத்திலாகும். அக்காலத்தில் அம்மைப்பாலைக் கெடாது வைத்திருக்கும் குளிர்சாதனங்கள் இல்லை. ஒரு குழந்தையின் கையில் அதனைக் குத்தி, எழும் கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்தி, கைக்குக் கை கடத்தியே அதனைத் தூர தேசங்களுக்குக் கொண்டு சென்றனர். ஸ்பானிய அரசு 1803இல் அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பாலை அனுப்பியபோது, அதனைத் தம் கைகளிற் சுமந்து கடல் கடந்தவர்கள் இருபத்திரண்டு அநாதைச் சிறுவர்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது 1802இல் வந்து சேர்ந்ததும் இவ்வாறு குழந்தைகளின் கைவழியாகவேயாம். மனித குலத்தைக் காத்த மாபெரும் மருந்து, தம்மைப் பற்றி எவரும் கேட்டறியாத பிள்ளைகளின் உடல்களைப் பாத்திரமாகக் கொண்டு உலகைச் சுற்றி வந்தது.

மலையகத்தின் கதை இதன் தொடர்ச்சியே. கோப்பிப் பயிரை 1869 முதல் இலைநோய் அழித்தபின், பொகவந்தலாவையின் சரிவுகள் தேயிலையால் மூடப்பட்டன. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்கள் இம்மலைகளுக்கு ஏறி வந்தனர். வந்த வழியெங்கும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களைத் தின்றன. இறந்தவர்களுக்குக் கல்லறை எழுப்புவார் இல்லை. பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில், 1879இல் இறந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனின் கல்லறையைப் பெயர் பொறித்த நிலையில் இன்றும் காணலாம். அதே ஆண்டுகளில் அதே பள்ளத்தாக்கில் மாண்ட தொழிலாளர்களோ, தேயிலைத் தூருக்கே உரமாயினர்.

தொழிலாளர் தொகையாக மடிவது தோட்டத்துரைமாருக்கு நட்டம். நோய் துறைமுகங்களுக்கும் நகரங்களுக்கும் பரவுவது அரசுக்கு அச்சம். இவ்விரண்டும் கூடியே தோட்ட மருத்துவத்தைப் பிறப்பித்தன. மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் 1872இல் வந்தது. இராகமையில் முகாம் அமைந்தது. தொழிலாளியின் கழுத்தில் எண் பொறித்த தகரத்துண்டு தொங்கியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான புகைவண்டி, கப்பற் பாதை 1914இல் திறக்கப்பட்டபின், இக்கரைக்கு வருமுன்னரே மண்டபம் முகாமில் அவர்களைச் சில நாட்கள் தடுத்து வைத்து, உடுதுணியைக் கிருமிநீக்கி, உடலைச் சோதித்து, அம்மைப்பால் குத்தி அனுப்பும் வழக்கம் நிலைபெற்றது. றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 முதல் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடத்தினர். சோகை பிடித்த தொழிலாளியால் கூடை நிறைக்க முடியாது என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர்.

இங்கு நாம் நேர்மையுடன் ஒன்றைக் கூறுதல் வேண்டும். அந்த ஊசி உயிர்களைக் காத்தது. மண்டபத்தில் அம்மைப்பால் குத்திக்கொண்டதால் எத்தனையோ குழந்தைகள் கண்ணிழக்காமலும் உயிரிழக்காமலும் தப்பினர். உலகெங்கும் நிகழ்ந்த அத்தகைய முயற்சிகளின் பயனாகவே 1980இல் பெரியம்மை பூண்டோடு ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. எனவே, ஊசியைத் தந்தவன் ஏகாதிபத்தியவாதி என்பதற்காக ஊசியைப் பழித்தல் அறிவுடைமையாகாது. நாம் பழிப்பது ஊசியையன்று, அந்த வரிசையின் முறையை. அங்கு நின்றவனிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை; எவரும் எதனையும் விளக்கவில்லை. அவனது உடல் வேலைக்குத் தகுந்ததா, பிறருக்கு நோய் தருமா என்பதே வினா. அவனுக்கு என்ன நோகின்றது என்பது வினாவே அன்று.

2

உழைப்பவனின் உடலைச் சோதித்த இதே மனப்பான்மை, பாலியல் நோய்களின் துறையில் மேலும் கொடிய வடிவம் கொண்டது.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1864இல் தொற்றுநோய்கள் சட்டம் என ஒன்றை இயற்றியது. படைவீரர்களை மேகநோயிலிருந்து காப்பது அதன் நோக்கம். காக்கும் வழி யாதெனில், படைமுகாம்களை அண்டிய ஊர்களிலே பரத்தையரென ஐயுறும் பெண்களைப் பொலிசார் பிடித்துச் சென்று வலிந்து சோதிப்பது. நோய் காணப்பட்டால் அடைத்து வைப்பது. அப்பெண்களிடம் சென்ற படைவீரனுக்குச் சோதனையும் இல்லை, அடைப்பும் இல்லை! இந்தியாவில் இதே முறை 1868இல் சட்டமாயிற்று. ஜோசபின் பட்லர் என்னும் பெருமாட்டி முன்னின்று நடத்திய நெடிய கிளர்ச்சியின் பின்னரே பிரித்தானியாவில் 1886இலும் இந்தியாவில் 1888இலும் இச்சட்டங்கள் நீக்கப்பட்டன. இத்தனை கொடுமையாலும் மேகநோய் ஒழியவில்லை. பெண்கள் மருத்துவரைக் கண்டால் ஓடி ஒளியக் கற்றுக்கொண்டதே கண்ட பலன்.

நூறாண்டுகள் கழிந்தன. அமெரிக்காவில் 1981இல் எயிட்ஸ் என்னும் புதிய நோய் வெளிப்பட்டது. பரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வகத்தார் 1983இல் அதன் வைரசைக் கண்டனர். இந்தியாவில் அது இல்லை, நமது பண்பாடு அதனை அண்டவிடாது என்று பலர் மார்தட்டிக்கொண்டிருந்த 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பெண்கள் சிலரின் குருதி மாதிரிகளைச் சேகரித்தனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிற் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலிற் கண்டறியப்பட்டது இவ்வாறே. இலங்கையரிடத்தே முதன்முதலாக அது கண்டறியப்பட்டது 1987இல்.

கண்டுபிடிப்பு அறிவியலின் வெற்றி. ஆனால் சமுதாயம் செய்தது யாது? பரத்தைமை தொடர்பாகப் பிடிபட்ட பெண்களிடத்தில் எச்.ஐ.வி. காணப்பட்டபோது, விடுவிக்க வேண்டிய காலம் கடந்த பின்னும் அவர்களைக் காப்பகங்களில் அடைத்து வைத்தனர். ஷியாமளா நடராஜ் என்னும் பத்திரிகையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பின்னரே 1990இல் அவர்கள் வெளியே வந்தனர். 1868இன் ஆவி 1990இலும் உலவிக்கொண்டிருந்தது. சோதனை என்றால் அகப்படுதல், அகப்பட்டால் அடைபடுதல் என்னும் பாடத்தை மக்கள் மீண்டும் ஒருமுறை கற்றனர்.

டாக்டர் சுனிதி சாலமன் இதற்கு மாறான வழியிற் சென்றார். நோயாளரை அடைக்க மறுத்து, அவர்களுடன் அமர்ந்து பேசினார். 1993இல் சென்னையில் அவர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், சோதனைக்கு முன்னும் பின்னும் விளக்கமும் ஆறுதலும் கூறும் முறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தது. 2015இல் அவர் மறையும்வரை அவ்வழியில் மாறவில்லை. ஒரே ஊசி, ஒரே குருதிச் சோதனை. அதனைச் செய்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அது விலங்காகவோ விடுதலையாகவோ அமைகின்றது.

3

இனி நாம் இக்கட்டுரையின் நாயகர்களிடம் வருகின்றோம். தாயின் கருவிலோ, பிறப்பிலோ, தாய்ப்பாலிலோ எச்.ஐ.வி.யைப் பெற்றுப் பிறந்து, இன்று வாலிபப் பருவத்தை எய்தியிருப்பவர்கள் அவர்கள்.

இவர்கள் வளர்ந்து பெரியவர்களாவார்கள் என்று தொடக்கத்தில் எவரும் எதிர்பார்க்கவில்லை. சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாவது பிறந்தநாளைக் காணுமுன்னரே இறந்துவிடுவர் என்பது மருத்துவம் கண்ட உண்மை. கர்ப்பிணிக்கு சிடோவுடின் என்னும் மருந்தைக் கொடுத்தால், குழந்தைக்கு வைரசு தொற்றும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என 1994இல் நிறுவப்பட்டது. உகண்டாவில் 1999இல் நெவிரப்பின் என்னும் மலிவான மருந்தின் பயன் தெரிந்தது. ஆனால் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும் ஏழைத் தாயின் கைக்கு அது வந்து சேர்ந்த நாளுக்கும் இடையிலே ஒரு தலைமுறை பிறந்துவிட்டது. இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1ஆம் நாள். தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் நிலையங்களுள் ஒன்று. இலங்கையிலும் அரசுச் சிகிச்சை தொடங்கியது அதே 2004இல். குழந்தைகளுக்கெனத் தனித் திட்டத்தை இந்தியா வகுத்தது 2006 இறுதியில். அதுவரை பிழைத்திருந்த பிள்ளைகளே அத்திட்டத்தின் மருந்தை உண்ண முடிந்தது.

இலங்கை இத்துறையிற் பெருமைப்படத்தக்க நாடு. கர்ப்பிணித் தாய்மாருக்கு மேகநோய்ச் சோதனை செய்யும் வழக்கம் 1950களிலேயே இங்கு தொடங்கிவிட்டது. அதே அடித்தளத்தின் மீது பிற்காலத்தில் எச்.ஐ.வி. சோதனையும் சேர்க்கப்பட்டது. வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சிமாரின் உழைப்பின் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. லயன் காம்பிராவின் படியேறி இறங்கிய மருத்துவிச்சிக்கும் அந்த அங்கீகாரத்திற் பங்குண்டு.

வெற்றி பெற்றதும் நாடுகள் ஒரு தவறு செய்கின்றன. இனிப் பிறக்கப்போகும் குழந்தை காக்கப்பட்டது எனக் கொடியேற்றும்போது, முன்னரே பிறந்துவிட்ட குழந்தையை மறந்துவிடுகின்றன. இலங்கையில் இவர்களது தொகை சிறியது, தமிழ்நாட்டிற் பெரியது. சிறிய தொகை என்பது கவலைக்கு இடமில்லை என்பதாகாது. தொகையிற் சிறியவர்களை எண்ணிக்கையில் விட்டுவிடுவது எளிது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் எண்ணிக்கையிலிருந்தே நீக்கப்பட்ட மலையக மக்களுக்கு, எண்ணப்படாமை என்பதன் பொருளை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

4

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது வினாவுக்குத் திரும்புவோம்.

எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட அதே 1983ஆம் ஆண்டில், ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசன் என்னும் அறிஞர் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் எச்.பி.வி. வைரசின் 16ஆம் வகையைக் கண்டார். 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி அவருக்கும், மறுபாதி எச்.ஐ.வி.யைக் கண்ட பாரே சினூசிக்கும் மொந்தாஞேக்கும் வழங்கப்பட்டது. பரிசை வழங்கியவர்கள் இரு வைரசுகளையும் ஒரே மேடையில் நிறுத்தினர். நோயாளியின் உடலிலும் அவை ஒன்றாகவே நிற்கின்றன.

காரணம் எளியது. எச்.பி.வி. மிகப் பரவலான வைரசு. பாலுறவு கொள்ளும் மனிதரிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதனைப் பெறுவர். உடலின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அதனை அடக்கிவிடும். எச்.ஐ.வி.யோ அந்த எதிர்ப்புச் சக்தியையே தாக்குவது. காவலன் தளர்ந்த வீட்டில் எச்.பி.வி. தங்கிவிடுகின்றது, தங்கிய இடத்தில் மெல்ல மெல்லப் புற்றை வளர்க்கின்றது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்ணைவிட ஆறு மடங்கு என்பது இன்றைய கணிப்பு. இவ்வுண்மைகூடப் போராடியே பெறப்பட்டது. அமெரிக்காவில் எயிட்ஸைக் குறிக்கும் நோய்களின் பட்டியல் நெடுங்காலம் ஆண்களின் நோய்களைக் கொண்டே எழுதப்பட்டிருந்தது. பெண்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்த பின்னரே 1993இல் முற்றிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அப்பட்டியலிற் சேர்ந்தது.

ஆகவே, பாடசாலை வரிசையில் எவரைக்காட்டிலும் முன்னால் நிற்க வேண்டியவள் எச்.ஐ.வி.யுடன் பிறந்த சிறுமி. ஆனால் கணக்கைப் பார்ப்போம். 2017இல் ஆறாம் தரத்தில் இருந்தவள் 2006ஐ ஒட்டிப் பிறந்தவள். அதற்கு முன் பிறந்தவர்கள் அவ்வூசியைக் கண்டதில்லை. தாய்க்கு மருந்து கிடைக்காத காலத்திற் பிறந்ததனாலேயே வைரசைப் பெற்றவர்கள், அதே காலத்திற் பிறந்ததனாலேயே ஊசியையும் இழந்தனர்! ஒரே தாமதம் ஒரே உடலை இருமுறை தாக்கியது. இதனைவிடத் தெளிவாக வரலாறு தன் அநீதியை எழுதிக் காட்ட முடியாது.

வரிசையில் நிற்க வாய்த்த சிறுமிக்கும் குறை உண்டு. மற்றச் சிறுமியருக்கு இரண்டு ஊசி போதும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் குறைந்தது இரண்டும், இயலுமிடத்து மூன்றும் போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்றாவது ஊசிக்கு வரிசை இல்லை. எச்.ஐ.வி. உள்ள ஆண் பிள்ளைக்கும் எச்.பி.வி.யால் மருவும், குதவாய்ப் புற்றுநோயும் மிகுதியாக வரும். பாடசாலைத் திட்டமோ பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது.

பரிசோதனையிலும் இதே நிலை. இலங்கையின் சுகவனிதையர் நிலையங்கள் 35 வயதுப் பெண்ணைக் கருப்பைக் கழுத்துச் சோதனைக்கு அழைக்கின்றன. பொதுமக்களைப் பொறுத்தவரை அது நல்ல ஏற்பாடு. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு 25 வயதிலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்தது. பத்தாண்டு வேறுபாடு! பொது அழைப்பை நம்பிக் காத்திருப்பவளுக்கு அந்த அழைப்பு பிந்தியே வரும். கல்லீரல் அழற்சியின் 'பி' வகைக்கு எதிரான ஊசியும் இத்தகையதே. குழந்தைப் பருவத்திற் போட்டிருந்தாலும், எச்.ஐ.வி. உள்ள உடலில் அதன் காப்பு விரைவிற் குன்றிவிடலாம். ஆதலின் குருதியைச் சோதித்து, தேவையெனில் மீண்டும் போடுதல் வேண்டும். மேகநோய், வெட்டைநோய் முதலியவற்றின் சோதனையும் காலந்தோறும் நடைபெற வேண்டும். இவற்றிற் பல வெளியே அறிகுறி காட்டாது உள்ளே இருப்பவை.

இவை யாவும் கிடைத்தற்கரிய மருந்துகளல்ல. குறை மருந்தில் இல்லை, கேட்பதில் இருக்கின்றது. இப்பிள்ளையைச் சிறுவயது முதல் பார்த்துவந்த குழந்தை வைத்தியருக்கு அவள் இன்னும் குழந்தை. அவளிடம் பாலுறவைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம். பெரியோர் சிகிச்சை நிலையத்துக்கோ அவள் புதிய முகம்; கையிலே தடித்த கோப்புடன் வந்து நிற்கும் பதினெட்டு வயதுப் பெண். பாலுறவினால் நோய் பெற்றவளெனக் கருதி அங்கே ஒருவர் கேட்கும் முதல் கேள்வியே அவளைத் திரும்பிப் போகச் செய்துவிடும். இரண்டு கதவுகளுக்கும் நடுவே உள்ள நடைக்கூடத்தில் இத்தலைமுறை நின்றுகொண்டிருக்கின்றது.

5

இவ்வுண்மைகளைப் பொகவந்தலாவையின் மண்ணில் வைத்துப் பார்ப்போம். இங்கே இந்நோயுடன் பிறந்தவர் உளரா, எத்தனை பேர் என்று நாம் வினவவில்லை. அவ்வினாவைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. அத்தகைய இளைஞன் ஒருவன் இங்கு வாழ நேர்ந்தால் அவன் வாழ்வு எவ்வாறிருக்கும் என்பதே நமது வினா.

லயனிலே ஒரு காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவே ஒரே சுவர். இங்கு இருமினால் அங்கு கேட்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருவன் மாத்திரை விழுங்குவதை அயலார் எத்தனை நாட்களுக்குக் காணாதிருப்பர்? மருத்துவ அட்டையை வைத்துப் பூட்ட ஓர் அலுமாரி பல வீடுகளில் இல்லை. இரகசியம் என்பது வசதி படைத்தவனின் ஆடம்பரம் என்று நம்மிற் சிலர் நினைப்பதுண்டு. வீடு சிறுத்தவனுக்கே அது பெரிதும் வேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே இச்சோதனைகளை நடத்தினால் வழிச்செலவு மிஞ்சும். ஆனால் எவர் எதற்கு வந்தார் என்பது மாலைக்குள் மலை முழுவதும் தெரிந்துவிடும். நோர்வூட், அட்டன் வழியாக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ சென்றால் இரகசியம் காக்கப்படும். ஆனால் அன்றைய பேர் விழாது, பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு போகும், ஏன் வேலைக்கு வரவில்லை என்ற கேள்விக்கும் ஒரு பொய் வேண்டும். அருகில் இருந்தால் மானம் போகும். தொலைவில் இருந்தால் கூலி போகும். இவ்விரண்டினுள் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஓர் இளைஞனிடம் கூறும் சமுதாயம், அவன் சோதனைக்கு வரவில்லையெனக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுகின்றது.

இந்த அச்சம் கற்பனையன்று. குளியாப்பிட்டியில் 2016இல் நடந்ததை நாம் மறக்கலாகாது. தந்தை எயிட்ஸால் இறந்தார் என்று பரவிய வதந்தி ஒன்றுக்காக, ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுடன் தம் பிள்ளைகளை அமர்த்த மாட்டோம் எனப் பெற்றோர் திரண்டனர். அச்சிறுவனுக்கு நோயே இருக்கவில்லை! இருந்திருந்தாலும் ஒரே வாங்கில் அமர்வதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ அது தொற்றுவதில்லை. கண்டியின் பாடசாலை ஒன்று அவனை ஏற்றுக்கொண்டது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரதும் அதனாற் பாதிக்கப்பட்டோரதும் கல்வியுரிமையை அரசு காக்க வேண்டும் என்பதனை அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது. நீதிமன்றம் உரிமையைத் தந்தது. வகுப்பறையில் மரியாதையைத் தருவது ஆசிரியரின் கடன்.

இவ்விளைஞர்களிடம் நாம் கூறாது மறைக்கும் நற்செய்தி ஒன்றும் உண்டு. மருந்தை ஒழுங்காக உண்டு, குருதியில் வைரசு அளவிட முடியாதவாறு அடங்கிவிட்டால், பாலுறவின் வழியாக அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை. 2011க்குப் பின்னர் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இதனை ஐயமற நிறுவிவிட்டன. இவர்கள் காதலிக்கலாம், மணம் செய்யலாம், நோயற்ற குழந்தைகளைப் பெறலாம். வீட்டாரோ பிள்ளையிடம் அதன் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், இது சத்து மாத்திரை என்று வளர்க்கின்றனர். பள்ளிப் பருவத்திலேயே பக்குவமாக உண்மையைக் கூற வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் அறிவுறுத்தியது. தன் நோயின் பெயரை அறியாதவன் தனக்குரிய ஊசியின் பெயரை எவ்வாறு கேட்பான்?

6

செய்ய வேண்டியவை மலையைப் பெயர்க்கும் காரியங்களல்ல. சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி. மருந்து வாங்க வரும் அதே நாளில், அதே அறையில், ஊசியும் சோதனையும் கிடைக்க வேண்டும். ஒரு நாள் கூலி ஒருமுறைதான் போகட்டும். வழிச்செலவை அரசு ஏற்க வேண்டும். ஆறாம் தரத்தைக் கடந்துவிட்டவர்களுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் ஊசியின் கதவு திறந்திருக்க வேண்டும். குழந்தை வைத்தியரும் பெரியோர் வைத்தியரும் சில காலம் ஒன்றாக இருந்து பிள்ளையைக் கைமாற்ற வேண்டும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிச் சோதிப்பதைத் தடுத்ததோடு, பெற்றோரை இழந்த வீட்டில் பக்குவமடைந்த பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அண்ணனையோ அக்காளையோ தம்பி தங்கையரின் காப்பாளராக ஏற்றுக்கொள்ளவும் வழி வகுத்தது. பிள்ளையின் சொல்லுக்கும் சட்டத்தில் இடம் தரலாம் என்பதற்கு இது சான்று.

ஆசிரியராகிய நமது பங்கு வேறு வகையினது. அது பெரும்பாலும் கேட்காதிருத்தலும் கற்பித்தலுமாம். மாதத்தில் ஒரு நாள் வராத மாணவனிடம் வகுப்பறையில் வைத்துக் காரணம் கேட்காதிருத்தல். சுகாதார பாடநூலில் இனப்பெருக்கம் பற்றிய பக்கங்களை, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடாதிருத்தல். தடுப்பூசி நாளன்று, இது எதற்காக, எவ்வாறு காக்கின்றது என்பதைச் சிறுமியருக்கும், வரிசைக்கு வெளியே நிற்கும் சிறுவருக்கும் தமிழில் விளக்குதல். வகுப்பு முழுவதற்கும் கூறும் உண்மை, அதில் யாருக்கு அது தேவையோ அவர் காதிலும் விழும். அவர் யாரென்று நாம் அறிய வேண்டியதில்லை.

மண்டபத்தில் நின்ற பூட்டிக்கு எதற்கு ஊசி என்று எவரும் சொல்லவில்லை. அவள் கழுத்தில் எண் இருந்தது. பொகவந்தலாவையில் நிற்கும் பேத்திக்கு எண் இல்லை, பெயர் இருக்கின்றது. அட்டையில் அப்பெயரை எழுதி, ஊசி போட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுக்கின்றனர். நூறாண்டுப் போராட்டம் ஈட்டித் தந்த வேறுபாடு இது. எஞ்சியிருப்பது, அந்த வரிசையின் கடைசியில் இன்னும் சிலருக்கு இடம் விடுவது. அவர்கள் வெட்கத்துடனன்றி உரிமையுடன் வந்து நிற்கும் நாளில்தான், 2019இல் நாடு பெற்ற அந்த அங்கீகாரம் முழுமை பெறும்.